மூன்று மூச்சு

நகராட்சியின் அறிக்கையில் எங்கள் நாடக அரங்கத்தைப் பற்றி மொத்தம் ஒன்றரை வரி இருந்தது. "பழைய ஐஸ் ஃபேக்டரிக் கட்டடம். நீண்ட காலமாகப் பயன்பாட்டில் இல்லை. இடித்துவிட்டு வாகன நிறுத்துமிடம் அமைக்கலாம்." எழுதிய மகராசன் யாரென்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் என் கண்ணாடிக் கடைக்கு வரவழைத்து இலவசமாகவே கண்ணைப் பரிசோதித்து அனுப்பியிருப்பேன்.

பயன்பாட்டில் இல்லையாம். முப்பத்துநான்கு வருஷமாக ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்கு, அங்கே நாடகம் நடக்கிறது. ஒரு மாதம்கூட விட்டதில்லை. நடிப்பவர்கள் எல்லாரும் வேறு வேலை பார்த்துப் பிழைப்பவர்கள். நர்ஸ், கொத்தனார், பஸ் டிரைவர், சலூன்காரர், அப்புறம் நான். யாருக்கும் சம்பளம் கிடையாது. வீட்டில் மரியாதையும் கிடையாது. இருபத்தாறு வருஷமாக நான் அங்கே தபால்காரனாகவும் போலீஸ்காரனாகவும், விருந்துக்கு வந்து ஓரமாக நிற்கும் மூன்றாவது ஆளாகவும் நடித்துவருகிறேன். "கடிதம் வந்திருக்கு" என்ற ஒரே வசனத்தைப் பதினாலு நாடகங்களில் சொல்லியிருக்கிறேன். அதில் நாலு முறை மறந்திருக்கிறேன். அந்த நாலு முறையும் எனக்கு அதை எடுத்துக் கொடுத்தவள் அக்கா.

அக்காவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த ஒன்றரை வரி வாயைக் கிளறிவிட்டது.

அக்கா என்றால் உடன்பிறந்தவள் இல்லை. ஊருக்கே அக்கா. பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எந்த நடைமேடை, எது எத்தனை நிமிஷம் தாமதம் என்று முப்பது வருஷத்துக்கு மேல் மைக்கில் சொன்னது அவள்தான். அவள் முகம் தெரியாதவர்கள் நிறைய உண்டு. அந்தக் குரல் தெரியாதவர்கள் இந்த ஊரில் கிடையாது. ஓய்வு பெறும்போது நிர்வாகம் அவள் குரலையே பதிவு செய்து வைத்துக்கொண்டது. இன்றைக்கும் வண்டி தாமதமானால் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று ஒலிபெருக்கியில் வருவது அவள் குரல்தான். "நான் எங்கடா ரிட்டயர் ஆனேன், என் தொண்டை இன்னும் டியூட்டியில இருக்கு" என்பாள்.

நாடகத்தில் அவள் வேலை அடியெடுத்துக் கொடுப்பது. மேடையில் யாராவது வசனத்தை மறந்து நின்றால், மறைவில் உட்கார்ந்து அடுத்த வார்த்தையை மெதுவாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நடிப்பவனுக்குக் கேட்க வேண்டும், பார்ப்பவனுக்குக் கேட்கக் கூடாது. பகலெல்லாம் ஊருக்கே கேட்கப் பேசிவிட்டு, சாயங்காலம் ஒரே ஒரு ஆளுக்குக் கேட்கிற மாதிரிப் பேசுவாள்.

இது ஆரம்பித்த கதை எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். அவளுக்கு அப்போது இருபத்துமூன்று வயது, வேலையில் சேர்ந்து மூன்று மாதம். காலையிலிருந்து அடைமழை. ஆற்றுப் பாலத்துக்கு மேல் தண்ணீர். ஒரு வண்டி வரவில்லை, ஒரு வண்டி போகவில்லை. நானூறு பேர் நடைமேடையில் ஈரத்தோடு நின்றுகொண்டு அவளுடைய கண்ணாடி அறையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கால் மணிக்கு ஒரு முறை அவள் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று சொல்ல, "எதுக்கும்மா காத்திருக்கணும், அதச் சொல்லு" என்று கீழேயிருந்து ஒரு கூட்டமே கேட்டது.

அந்தக் கூட்டத்தில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். கூடவே அட்டைக் கிரீடத்தைக் கையில் பிடித்தபடி ஒன்பது பள்ளிப் பிள்ளைகள். பக்கத்து ஊரில் நாடகப் போட்டிக்குக் கிளம்பியவர்கள். அரசனாக நடிக்க வேண்டிய பையனுக்குக் காய்ச்சல் என்பதால் வாத்தியாரே அரசனாக நடிக்க அனுமதி வாங்கியிருந்தார். அக்கா படியிறங்கி வந்து அவரிடம் பேசினாள். நாடகப் பிரதியை வாங்கிக்கொண்டு மேலே போய் மைக்கைப் போட்டாள். "பயணிகள் கவனத்திற்கு. நான்காவது நடைமேடையில் இன்னும் சற்று நேரத்தில் நாடகம் நடைபெறும். தயவுசெய்து காத்திருக்கவும்."

நாடகம் நன்றாகத்தான் போனது. நடுவில் அரசன் மறந்துவிட்டார். கிரீடத்தைச் சரிசெய்தார், இருமினார், மேலே பார்த்தார். பிரதியை வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு மனசு தாங்கவில்லை. அடுத்த வசனத்தை எடுத்துக் கொடுத்தாள். மைக் ஆனில் இருந்தது. "மந்திரியாரே, என் குடையை எடுத்து வாரும்" என்று பஸ் நிலையத்தின் பதினாறு ஒலிபெருக்கிகளும் ஒன்றாகச் சொன்னதும், மந்திரியாக நடித்த பையன் பயந்துபோய் முன்வரிசையில் நின்ற ஒருவரின் குடையைப் பிடுங்கிக்கொண்டு வந்து நின்றான். அதுவரை திட்டிக்கொண்டிருந்த நானூறு பேரும் சிரித்தார்கள். வண்டி வந்த பிறகும் நாடகம் முடியட்டும் என்று சிலர் ஏறாமல் நின்றதாகக் கேள்வி.

அடுத்த வாரம் நிர்வாகத்திடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பேருந்து சம்பந்தப்படாத காரியத்துக்கு ஒலிபெருக்கியைப் பயன்படுத்தியது ஏன்? அக்கா எழுதிய பதில் ஒரே வரி: "அன்று பேருந்து எதுவும் இல்லை." அந்த வாரமே வாத்தியார் வந்து, "எங்களோட சேந்துக்கோம்மா. ஆனா மைக்க மட்டும் எடுத்துட்டு வராத" என்றார்.

ஐஸ் ஃபேக்டரி கிடைத்தது அதற்கு அடுத்த வருஷம். மூடிக் கிடந்த கட்டடம். "மறு உத்தரவு வரும்வரை உபயோகித்துக்கொள்ளலாம்" என்று அன்றைய நகராட்சி ஒரு கடிதம் கொடுத்தது. சுவரில் விரல்மொத்தத்துக்கு உப்பு பூத்திருந்தது. கொத்தனாரும் சலூன்காரரும் நாலு மாதம் சுரண்டினார்கள். உருகிய தண்ணீர் ஓடுவதற்காகத் தரையைச் சரிவாகப் போட்டிருந்தார்கள். அதனால் பின்வரிசைக்காரருக்கு முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. பல லட்சம் கொட்டி அரங்கம் கட்டுகிறவர்கள் செய்கிற வேலையை எங்களுக்கு ஐஸ்காரர் செய்துவைத்துவிட்டுப் போயிருந்தார். உட்கார இடம் வேண்டுமே என்றபோது, பணிமனையில் கழித்துப்போட்ட பஸ் இருக்கைகளை அக்கா கேட்டு வாங்கினாள். இன்றைக்கும் எங்கள் பார்வையாளர்கள் மூவர் சீட்டிலும் இருவர் சீட்டிலும்தான் உட்காருகிறார்கள். ஜன்னலே இல்லாத கட்டடத்தில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை நடக்கும்.

மேடையின் முன்விளிம்புக்கு நடுவே, ஐஸ் உறையவைக்கும் பழைய உப்புத்தண்ணீர்த் தொட்டி ஒன்று தரைக்குக் கீழே இருந்தது. அதற்குள் ஒரு முக்காலி போட்டு அக்கா உட்கார்ந்தாள். பார்வையாளர் கண்ணில் படாமலிருக்கத் தலைக்கு மேல் ஒரு தகரக் கூரை. அவளுடைய கணவர், எங்களுக்கெல்லாம் மாமா, எலெக்ட்ரீஷியன். விளக்கு வேலை மொத்தமும் அவர் பொறுப்பு. தொட்டிக்குள் ஒரு சின்ன பல்பு போட்டுக் கொடுத்ததுதான் இந்த அரங்கத்தில் அவர் செய்த முதல் வேலை.

அவளுடைய தங்கை ஒரு முறை நாடகம் பார்த்துவிட்டுக் கேட்டாள், "இத்தன வருஷமா நாடகத்துல இருக்க, ஒரு தடவையாவது உன் மூஞ்சியப் பாத்திருக்கோமா?"

"மூஞ்சியப் பாக்கணும்னா வீட்டுக்கு வா" என்றாள் அக்கா. "வேலை செய்யற எடத்துல மூஞ்சி எதுக்கு?"

அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. மூன்று மூச்சு. ஒருவர் வசனத்தில் நின்றால் உடனே எடுத்துக் கொடுக்க மாட்டாள். தன் மூச்சை மூன்று முறை எண்ணுவாள். "ரெண்டு மூச்சுல வராதது பத்து மூச்சு விட்டாலும் வராது. மூணுல குடுத்துடணும்" என்பாள். யார் எப்படி மறப்பார்கள் என்பதும் அவளுக்கு அத்துப்படி. நர்ஸுக்கு ஜனங்கள் சிரித்தால் அடுத்த வரி போய்விடும். டிரைவருக்குக் கையில் எதையாவது பிடித்திருக்க வேண்டும், கை காலியாக இருந்தால் மண்டையும் காலி. வாத்தியாருக்கு மறந்துவிட்டால் வலது கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். சாக்பீஸ் தேடுகிற கை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை மாறவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த மூன்று மூச்சுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

நாடகத்தில் ஒருவன் பல காலம் கழித்து வீட்டுக்குத் திரும்புகிறான். கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே நுழைந்து "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். அவனாக நடித்தவர் வாத்தியார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அவருடைய மனைவி இறந்திருந்தார். "நாடகம் வேண்டாம், ஓய்வெடுங்க" என்று எல்லாரும் சொன்னோம். "வீட்டுல உக்காந்து என்ன பண்றது" என்று வந்துவிட்டார்.

கதவைத் தள்ளி நுழைந்தார். நின்றார். பேசவில்லை. ஒத்திகையில் அந்த இடத்தில் அவர் நின்றதே இல்லை. அரங்கத்தில் ஒரு சத்தமில்லை. தொட்டிக்குள்ளிருந்து பார்த்தால் கதவுச் சட்டம் அவருடைய வலது பக்கத்தை மறைத்திருந்தது. கை எங்கே இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. ஒரு மூச்சு. இரண்டு. மூன்று. "யாராவது இருக்கீங்களா" என்று எடுத்துக் கொடுத்தாள்.

ஐஸ் ஃபேக்டரிச் சுவர் தடிமனானது, வெளிச்சத்தம் உள்ளே வராது. அன்றைய அமைதியில் கடைசி வரிசைவரை கேட்டுவிட்டது. எங்கேயோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். அவனைத் தொற்றிக்கொண்டு இன்னும் நாலு பேர். வாத்தியார் அந்த வசனத்தைப் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார். நாடகம் அதோடு செத்துப்போனது.

திரை விழுந்ததும் அவர் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றார். "நான் மறக்கல. நின்னேன். இத்தன வருஷம் கூட இருந்தும் அது உனக்குத் தெரியலையா?"

"ஒத்திகையில சொல்லியிருக்கணும் சார்" என்றாள் அக்கா.

"ஒத்திகையில எனக்கே தெரியாதும்மா."

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அவளும் பேசவில்லை. தப்பு செய்தோம் என்று அவளுக்கு நெஞ்சு முழுக்க இருந்தது. எனக்குத் தெரியும், நாலைந்து முறை என் கடையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். ஆனால் போய்ச் சொல்ல மாட்டாள். "கை தெரியலடா, கை தெரிஞ்சிருந்தா குடுத்திருக்க மாட்டேன்" என்று என்னிடம் சொல்வதை அவரிடம் சொன்னால் என்ன? சொல்ல மாட்டாள். அவரும் அப்படித்தான். வீம்பில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

ஆனால் நாடகம் நிற்கவில்லை. வாத்தியார் மேடையில், அக்கா தொட்டியில். அவர் மறந்தால் அவள் எடுத்துக் கொடுப்பாள், அவர் வாங்கிக்கொள்வார். மேடையை விட்டு இறங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எதுவானாலும் மாமா வழியாகத்தான் போகும், வரும். பாவம், அந்த மனுஷன் விளக்கைப் பார்ப்பாரா, இவர்களுக்கு நடுவே தபால் கொண்டுபோவாரா. தபால்காரன் வேஷம் போட்டது நான், வேலை பார்த்தது அவர். வாத்தியார் ஒரு வழி கண்டுபிடித்தார். தான் நிற்கப்போகிற இடங்களில் பிரதியில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு மாமாவிடம் கொடுத்தனுப்புவார். வட்டம் இருந்தால் அக்கா வாயைத் திறக்க மாட்டாள், பூகம்பம் வந்தாலும் சரி. பதினோரு வருஷம் அவர்கள் பேசிக்கொண்டது அந்த வட்டங்களில்தான்.

இந்த நிலையில்தான் அறிக்கை வந்தது. கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், ஒவ்வொரு தரப்புக்கும் ஐந்து நிமிஷம், ஒரே ஒருவர்தான் பேசலாம், பெயரை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கூட்டம் முடிந்ததும் ஒன்பது உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். வாக்கு எங்களுக்கு எதிராகப் போனால் அடுத்த மாதம் இடிப்பு.

எங்கள் செயலாளர் வாத்தியார்தான். ஆனால் அவருக்கு எழுபத்தொரு வயது. அந்த வருஷம் இரண்டு நாடகங்களில் முழுப் பக்கத்தையே தாண்டிக் குதித்திருந்தார். நர்ஸ் பேசட்டும் என்று ஒரு பேச்சு எழுந்தது. நானும் அந்தக் கட்சிதான்.

"அவரே பேசட்டும்" என்றாள் அக்கா. அவர் அதே அறையில் நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். அவள் மாமாவைப் பார்த்துச் சொன்னாள். "இந்த எடத்த ஆரம்பிச்சவர் அவர். நான் பின்னாடி உக்காந்துக்கறேன்னு சொல்லுங்க."

"அக்கா, இது நாடகம் இல்ல" என்றேன்.

"தெரியும்டா. நாடகத்துல மறந்தா அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

ஐந்து நிமிஷத்துக்கான பேச்சை உட்கார்ந்து எழுதினோம். பிரதி வாத்தியாரிடம் போனது, இரண்டு நாள் கழித்து மாமா கையில் திரும்பி வந்தது. அக்கா மூன்று பக்கத்தையும் புரட்டினாள். திருப்பி வைத்து இன்னொரு முறை புரட்டினாள். ஒரு வட்டம்கூட இல்லை. "எங்கயும் நிக்க மாட்டார் போல" என்றார் மாமா. "சொல்லாம நின்னா?" என்றாள் அக்கா. அன்று அவள் முகத்தில் நான் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தேன்.

கூட்டம் காலை பதினொரு மணிக்கு. நகராட்சி மன்றத்தில் நூறு பேர் இருப்பார்கள். மேடையில் வரிசையாக ஒன்பது உறுப்பினர்கள், நடுவில் தலைவர், அவர் முன்னால் ஒரு மணி. பேசுகிறவர் நிற்க ஒரு மேசையும் மைக்கும். அதற்கு நேர் பின்னால் முதல் வரிசையில் அக்கா, பக்கத்தில் நான், எனக்கு அந்தப் பக்கம் மாமா. அக்காவின் மடியில் பிரதி.

முதலில் கடைக்காரர்கள் சங்கத்திலிருந்து ஒருவர் பேசினார். வண்டி நிறுத்த இடமில்லாமல் வியாபாரம் படுத்துவிட்டது என்றார். பொய்யில்லை. நானும் கடைக்காரன்தான், எனக்கும் அந்தக் கஷ்டம் தெரியும். அதற்காக என் வாடிக்கையாளர் வண்டியை நிறுத்த என் மேடையை இடிப்பதா? இடிந்து கிடக்கும் பழைய மார்க்கெட் நூறு அடி தள்ளி இருக்கிறது. அதன் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் மட்டும் மன்றத்தில் எல்லாருக்கும் தொண்டை கட்டிக்கொள்ளும்.

பிறகு வாத்தியார் எழுந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி கலையாமல். முதல் பக்கத்தைக் கணீரென்று சொன்னார். முப்பத்துநான்கு வருஷம், நானூறுக்கும் மேற்பட்ட ஞாயிற்றுக்கிழமைகள். இரண்டாம் பக்கத்தில் நின்றுபோனார். வலது கை சட்டைப்பைக்குள் போனது. அக்காவின் மூச்சு எனக்குக் கேட்டது, ஒன்று, இரண்டு, மூன்று. எடுத்துக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்.

தலைவர் மணியை அடித்தார். "யாரும்மா அது? பின்னாலேர்ந்து சொல்லிக் குடுக்கக் கூடாது."

"விதியில எங்க சார் போட்டிருக்கு?" என்றாள் அக்கா.

எழுத்தர் தாளைப் புரட்டினார். ஒருவர் மட்டுமே பேசலாம் என்றுதான் இருந்தது.

"அவர் ஒருத்தர்தானே பேசறார்" என்றாள் அக்கா. "அவர் பேச வேண்டியதத்தான் நான் சொல்றேன்."

"இன்னொரு தடவ வாயத் தொறந்தா வெளிய அனுப்பிடுவேன். உங்க தரப்புப் பேச்சும் அதோட முடிஞ்சுது."

வாத்தியார் தொடர்ந்தார். மூன்றாம் பக்கம் வந்தது. "இந்தக் கட்டடம் பயன்பாட்டில் இல்லை என்று அறிக்கை சொல்கிறது" என்ற வரியைச் சொன்னார். அடுத்த வரி, "அது உண்மைக்குப் புறம்பானது." அந்த வரி வரவில்லை.

நின்றார். ஒரு மூச்சு, இரண்டு, மூன்று, நான்கு. அக்கா வாயைத் திறக்கவில்லை. வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துவிட்டாள் என நினைத்தேன். முழங்கையால் இடித்து, "அக்கா, குடுங்க. போனா போகட்டும், குடுங்க" என்றேன். அவள் பிரதியைப் பார்க்கவே இல்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கே தொட்டி இல்லை, கதவுச் சட்டம் இல்லை. அவருடைய வலது கை தொடைப் பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அசையவே இல்லை.

"முடிஞ்சுதா சார்?" என்றார் தலைவர். எழுத்தர் பக்கம் திரும்பினார். "சரி, அவ்வளவுதான் போல. அடுத்து வாக்கெடுப்பு." மணியை எடுத்தார். நாற்காலிகள் கிறீச்சிட்டன. பின்வரிசையில் சிலர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். எழுத்தர் மைக்கை எடுக்க மேசைக்கு வந்துவிட்டார்.

அக்கா எழுந்து நின்றாள்.

"தயவுசெய்து காத்திருக்கவும்."

மைக் இல்லை. அவளுக்கு எதற்கு மைக்? முப்பது வருஷமாக அந்தக் குரல் காத்திருக்கச் சொல்லி இந்த ஊர் காத்திருந்திருக்கிறது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். ஒருவர் பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டார், நடைமேடை பெஞ்சில் உட்காருகிற மாதிரியே. எழுத்தரின் கை மைக்கை விட்டது. தலைவரும் எங்கள் ஊர்க்காரர்தானே, எத்தனை வண்டிக்கு நின்றிருப்பாரோ, எடுத்த மணியை அடிக்காமல் கீழே வைத்தார். ஏன் வைத்தோம் என்று அவருக்கே பிறகுதான் உறைத்திருக்கும்.

"அவர் மறக்கல சார்" என்றாள் அக்கா, தன் சாதாரணக் குரலில். "நிக்கறார்."

வாத்தியார் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகு மெல்ல நிமிர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். அவ்வளவு நீளமான நிறுத்தத்தை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. பிறகு மேடைப் பக்கமிருந்து திரும்பி, எங்கள் பக்கமாக, மொத்தக் கூட்டத்தையும் பார்த்துக் கேட்டார்.

"யாராவது இருக்கீங்களா?"

பிரதியில் அது இல்லை. அக்காவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. வலித்தது, நான் விடுவித்துக்கொள்ளவில்லை.

"எங்க நாடகத்த ஒரு தடவையாவது உக்காந்து பாத்தவங்க, யாராவது இருக்கீங்களா?"

முதல் ஆள் மைக்கை எடுக்க வந்த அந்த எழுத்தர். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் கையைத் தூக்கினார். பிறகு பின்வரிசையில் ஒரு குடும்பம். வாசலில் நின்ற காவலாளி. கடைக்காரர்கள் சங்கத்துக்காரர் அவருடைய மனைவியைப் பார்த்தார், மனைவி எழுந்துவிட்டிருந்தார். அறுபது பேருக்கு மேல் நின்றார்கள். உட்கார்ந்திருந்தவர்களும் இருந்தார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். மேடையில் உறுப்பினர்களில் ஒரு பெண் எழுந்து, "நான் நாலாவது நடைமேடையில பாத்தேன்" என்றார். "அப்ப எனக்கு எட்டு வயசு. எங்கப்பா குடையத்தான் அந்தப் பையன் பிடுங்கிட்டுப் போனான்."

"பயன்பாட்டில் இல்லைன்னு எழுதியிருக்கு" என்றார் வாத்தியார், தலைவர் பக்கம் திரும்பி. "இவங்க எல்லாரும் எங்க உக்காந்திருந்தாங்கன்னு எழுதினவரக் கேளுங்க." சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிஷத்தில் பதினாலு நொடி பாக்கியிருந்தது.

வாக்கெடுப்பு நடக்கவில்லை. அறிக்கை திருத்தத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டது, விஷயம் ஆறு மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நான் சொல்லவில்லை. ஆறு மாதம் என்றால் ஆறு நாடகம். ஆறாவது முடிந்ததும் ஏழாவதுக்கு ஒத்திகை தொடங்குவோம். இடிக்க இயந்திரத்தோடு வருகிறவர்கள் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு வந்தால் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகட்டும், மூவர் சீட்டில் இடம் இருக்கிறது.

வெளியே படிக்கட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தோம். வாத்தியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அக்காவுக்கு முன்னால் நின்றார். மாமா வழக்கம்போல நடுவில் வந்து நின்றார், என்ன சேதி கொண்டுபோக வேண்டுமோ என்று. வாத்தியார் அவரைத் தோளில் தொட்டு மெதுவாக நகர்த்தினார்.

"இந்தத் தடவ எத்தன மூச்சும்மா எண்ணின?"

"எண்ணல சார்" என்றாள் அக்கா.

அவர் தலையாட்டினார். சட்டைப்பையிலிருந்து அந்தச் சிவப்புப் பென்சிலை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் அதை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆறு மணிக்கு ஒத்திகை. தாமதமா வராதீங்க" என்றாள்.